முன்னாடி லேடீஸ், பின்னாடி கிடா

ஏம்பலத்துக்கும் கரியமாணிக்கத்துக்கும் நடுவே இதுவரை ஆடு வளர்த்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆட்டைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்குது பாரு" என்று சொன்னவர் ஒருவர்தான். அவர் பெயர் கண்டக்டர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டில் போட்டிருப்பார்கள். நான் பார்த்ததில்லை.

வில்லியனூரிலிருந்து எங்கள் ஊர் வழியாகப் போகும் தனியார் பேருந்தில் இருபத்தாறு வருடம் கண்டக்டராக இருந்தவர். நான் கல்லூரிக்குப் போன காலத்திலிருந்து அவரைத் தெரியும். அவருக்கும் என்னைத் தெரியும், ஏம்பலம் என்ற பெயரில். அவர் யாரையும் சொந்தப் பெயரால் அறிந்தவரில்லை. எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார்களோ அதுதான் பெயர். எனக்குக் கல்யாணமாகி, தலை நரைத்து, பல் ஒன்று போன பிறகும் "இன்னா ஏம்பலம், சவுக்கியமா?" என்றுதான் கேட்பார். அவருடைய மனைவி மடுகரையில் ஏறிக்கொண்டிருந்த பெண். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றுவரை வீட்டில் "மடுகரை, ரவூண்டு தண்ணி எடுத்தா" என்றுதான் கூப்பிடுகிறார். அந்த அம்மாவும் "தோ வரேன்" என்று வருகிறார்.

அவர் வேலையை விட்ட காரணம் வேறு எந்த கண்டக்டருக்கும் வாய்த்திருக்காது. முதலாளி புது வண்டி இறக்கினார். அதில் கதவு தானாகத் திறந்து தானாக மூடியது. கண்டக்டர் மூன்று நாள் அதைப் பார்த்தார். நாலாம் நாள் தோல்பையை முதலாளியின் மேஜைமேல் வைத்து, "கதவு தானா மூடிக்கிச்சின்னா படியில நிக்கறதுக்கு நான் எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு நடந்து வந்துவிட்டார். சம்பளம் கூட்டித் தருவதாக முதலாளி ஆள் அனுப்பினார். "சம்பளத்தப் பத்தி யாரு பேசனா? காத்து வரலைங்க" என்று இவர் பதில் அனுப்பினார்.

ஊருக்குத் தெற்கே பேருந்துச் சாலையை ஒட்டி அவர்கள் குடும்பத்துக்கு ஒன்றரைக் காணி நிலம். கரும்பு போட்டார்கள். வெட்ட ஆள் கிடைக்கவில்லை. நெல் போட்டார்கள். நடவுக்கும் ஆள் கிடைக்கவில்லை. பிறகு கருவேலம் தானாகவே வந்தது, அதற்கு யாரும் தேவைப்படவில்லை. நிலம் கண்டக்டருக்கும் அவர் அண்ணனுக்கும் பொது. அண்ணன் வில்லியனூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சாலையோர நிலத்தைப் பார்த்தால் அவர் கண்ணுக்கு மனை தெரியும். தம்பி கண்ணுக்கு ஆடு தெரிந்தது.

சாலைக்கு எதிர்ப்பக்கம் என் அரைக் காணி. நிலம் வாங்கி மனை போடுகிறவர் ஒருவர், இரண்டு பக்கமும் சேர்ந்து கிடைத்தால்தான் எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். ஆகவே நான் அண்ணன் கட்சி. கண்டக்டர் ஆடு வளர்த்துத் தோற்றுப்போவார் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். நான் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். இதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரு மாட்டுப் பொங்கலன்று அண்ணன் வந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு வருவேன். இருபது ஆடு நின்னா நெலம் உங்கிட்டயே இருக்கட்டும். பத்தொம்போது நின்னாலும் கல்லு நட்டுடுவேன்."

கல் என்றால் மனைக்கு எல்லை காட்ட மஞ்சள் பூசி நடுகிற குட்டைக் கல்.

"இருபது எதுக்குண்ணே?"

"அதுக்குக் கீழ இருந்தா அது பண்ணை இல்லடா. பொழுதுபோக்கு."

கண்டக்டர் மறுவாரமே கருவேலத்தை வெட்டிக் கொட்டகை போட்டார். கால்நடை டாக்டரம்மா சொன்னபடி பரண் கொட்டகை. தரையிலிருந்து நாலடி உயரத்தில் பலகைகளை இடைவெளி விட்டு அடிப்பார்கள். ஆடு மேலே நிற்கும், புழுக்கை கீழே விழுந்துவிடும். அதுவரை எல்லாம் முறைப்படிதான். கட்டி முடித்தபின் போய்ப் பார்த்தால் நடுவில் நடைபாதை, இருபுறமும் தடுப்பு, முன்னால் ஒரு படி, பின்னால் ஒரு படி, தலைக்கு மேலே நீளமாக ஒரு இரும்புக் கம்பி.

"ஆடு எப்படிண்ணே கம்பியப் புடிக்கும்?" என்று கேட்டேன்.

"ஆடு புடிக்க இல்லப்பா. நான் புடிக்க."

முன்படி வழியாகப் பெட்டை ஆடுகள், பின்படி வழியாகக் கிடாக்கள். மாறி ஏறிய கிடாவைக் காதைப் பிடித்து இறக்கிப் பின்னால் கொண்டுபோய் ஏற்றுவார். "முன்னாடி லேடீஸ்னு தெரியாதா ஒனக்கு?" என்று அதட்டுவார். அது தெரியாது என்பதுபோல் நிற்கும். மடுகரை அம்மாள் என்னிடம், "வூட்ல எனக்குன்னு ஒரு மூலை கெடயாது தம்பி. ஆட்டுக்கு ரிசர்வேசன் போட்டுட்டாரு" என்றார். டாக்டரம்மா வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெட்டையையும் கிடாவையும் பிரிச்சு வைங்கன்னு எல்லார் கிட்டயும் சொல்றேன். இவ்வளவு ஒழுங்கா யாருமே செஞ்சதில்ல" என்று பாராட்டினார். கண்டக்டர் அதை ஒரு சக ஊழியரின் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஆவணிக்குள் பதினாலு ஆடு சேர்ந்தது. பதினாலுக்கும் ஊர்ப் பெயர்கள்தான். என் ஊர்ப் பெயரும் ஒன்றுக்கு வாய்த்தது. டீக்கடையில் நான் வடை தின்றுகொண்டிருக்கும்போது அவர் வந்து, "ஏம்பலம் செனையா இருக்குது" என்று நாலு பேர் முன்னால் அறிவித்தார். அந்த நாலு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அடுத்து விசில். ஒரு விசில் அடித்தால் நில், இரண்டு விசில் அடித்தால் போ. ஒவ்வொரு தடவை நின்றதற்கும் ஆளுக்கொரு கொத்து அகத்திக்கீரை. எங்கள் ஊர் ஜனங்கள் இருபத்தாறு வருடத்தில் கற்றுக்கொள்ளாததைப் பதினாலு ஆடும் பதினைந்து நாளில் கற்றுக்கொண்டன. தினமும் காலை ஒன்பது முப்பத்தைந்துக்கு ஆடுகள் கொட்டகையிலிருந்து புறப்பட்டு, சாலையைக் கடந்து, என் அரைக் காணிக்கு மேயப் போகும். ஒன்பது முப்பத்து நாலுக்கு ஒரு ஆடு வெளியே தலை நீட்டினாலும் உள்ளே தள்ளிவிடுவார். அந்த மேய்ச்சலுக்கு நான் சம்மதித்தது பெருந்தன்மையால் அல்ல. எப்படியும் மனையாகப் போகிற இடம், புல்லாவது குறையட்டும் என்றுதான்.

அவர் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. விசில் வைத்திருப்பவர் உலகத்தில் அவர் மட்டும் இல்லை.

ஒரு புரட்டாசிக் காலையில் ஆடுகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தபோது அவருடைய பழைய பேருந்து வந்து நின்றது. கதவு தானாகத் திறந்தது, இருவர் இறங்கினார்கள், தானாக மூடியது. புது கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். பேருந்து கிளம்பியது. ஆடுகளும் கிளம்பின. பேருந்துக்கு முன்னால், பேருந்து போகிற திசையிலேயே, இரண்டிரண்டாக. ஓட்டுநர் பிரேக் போட்டார். புது கண்டக்டர் பதறி ஒரு விசில் கொடுத்தார். ஆடுகள் நடுச்சாலையில் நின்றன. நின்றதற்குக் கீரை வரும் என்று திரும்பிப் பார்த்தன. கீரை வரவில்லை. மறுபடி இரண்டு விசில். மறுபடி ஆடுகள் நடந்தன.

ஓட்டுநர் தலையை நீட்டினார். "யோவ், ஆட்ட ஓரங்கட்டுய்யா!"

கண்டக்டர் நிதானமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த ஸ்டாப்புக்கு ஒன் டைமு ஒம்போது நாப்பத்திரண்டு. ஆறு நிமிசம் முன்னாடி வந்து என் டைமுல பூந்துட்டு, என்னையே ஓரங்கட்டச் சொல்றியா?"

"ஆட்டுக்கு இன்னாய்யா டைமு?"

"ஒனக்கு இருக்கறப்ப அதுக்கு இருக்கக் கூடாதா?"

தனியார் பேருந்துகளுக்குள் நேரச் சண்டை புதிதல்ல. முன்னால் போகிற வண்டி ஆட்டுமந்தையாக இருந்தது அதுதான் முதல் தடவை. கரியமாணிக்கம் எல்லை வரைக்கும் பேருந்து ஆடுகளின் பின்னாலேயே போனது. அவசரக்காரர்கள் சிலர் இறங்கி நடந்து முந்திப் போனார்கள். விஷயம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வரை போய், அங்கே ஒருவர் சிரித்து முடிக்கவே அரை மணி நேரம் ஆகி, கடைசியில் சமரசம் ஏற்பட்டது. எங்கள் நிறுத்தத்தில் மட்டும் இன்றுவரை பேருந்துக்கு விசில் கிடையாது. புது கண்டக்டர் பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தைக் கையால் இரண்டு தட்டு தட்டுகிறார்.

தீபாவளி கழிந்தது. இன்னும் பதினாலுதான். பொங்கலுக்குள் ஆறு வேண்டும். கண்டக்டர் சந்தைக்குப் போய் ஆறு வெள்ளாடு பிடித்து வந்தார். கொட்டகை வாசலில் அவை வந்து இறங்கியபோது தற்செயலாக டாக்டரம்மாவும் அங்கே இருந்தார், நானும் இருந்தேன்.

"புது ஆட்ட உடனே உள்ள விடாதீங்க. மூணு வாரம் தனியா கட்டி வைங்க. நோய் இருக்கான்னு பாத்து, ஊசி போட்ட பிறகு சேத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

கண்டக்டர் முகம் மாறிவிட்டது. "வழியில ஏறுறவங்கள வெளிய நிக்க வெக்கிறதா? மழ வேற வருது. இருபத்தாறு வருசத்துல ஒருத்தரக் கூட நான் ஸ்டாப்புல வுட்டுட்டுப் போனதில்ல டாக்டரம்மா."

"இது பஸ் இல்லைங்க."

"அது தெரியும்" என்றார். தெரிந்ததாகத் தெரியவில்லை. டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் திரும்பியதும் கொட்டகைக்குள்ளிருந்து குரல் கேட்டது. "தள்ளி நில்லு, தள்ளி நில்லு. புதுசா ஏறியிருக்காங்க பாரு, எடம் குடு."

ஒன்பதாம் நாள் புது ஆடுகளுக்கு மூக்கு ஒழுகியது. பிறகு கழிச்சல். கார்த்திகை மழை விடாமல் பெய்தது. டாக்டரம்மா தினமும் வந்தார், ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பழைய பதினாலும் முன்பே ஊசி போட்டவை என்பதால் தப்பித்தன. புது ஆறும் ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகப் போயின. நிலத்தின் கோடியில் அவரே குழி வெட்டினார், ஆள் வைக்கவில்லை. ஆறாவது குழியை மூடும்போது நான் போய் நின்றேன்.

"ஆறு பேரு எறங்கிட்டாங்க, ஏம்பலம்" என்றார். "அவங்க ஸ்டாப்பு இது இல்ல. நான்தான் எறக்கி வுட்டுட்டேன்."

நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது நடந்துவிட்டது. மனை போடுகிறவருக்குப் போன் செய்ய வேண்டியதுதான் பாக்கி. எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மண்வெட்டியை வாங்கி மீதி மண்ணை நான் தள்ளினேன்.

அதன் பிறகு அவர் ஆடு வாங்கப் போகவில்லை. ஒன்பது முப்பத்தைந்து பத்தானது, பிறகு பதினொன்றானது. மார்கழிக் கடைசியில் மடுகரை அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, மனுசன் சரியா இல்ல. ரெண்டு நாளா என்னிய பேர் சொல்லிக் கூப்புடறாரு. செல்விங்கறாரு. எனக்கு பயமா இருக்குது."

அந்த அம்மாள் பெயர் செல்வி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் என் திட்டம். கரியமாணிக்கத்தில் என் மச்சானிடம் ஆடு உண்டு. ஊசி போட்ட ஆறு ஆடுகளாகப் பார்த்து, டாக்டரம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாட்டுப் பொங்கல் காலையில் குட்டியானை வண்டியில் ஏற்றி வருவது. அண்ணன் வந்து எண்ணிவிட்டுப் போனதும் திருப்பி அனுப்பிவிடுவது. கண்டக்டருக்குத் தெரியவே கூடாது. அவரைக் கரும்புக் கட்டோடு மடுகரைக்கு, மாமியார் வீட்டுக்கு அனுப்புவது செல்வி அம்மாளின் பொறுப்பு. சாப்பாடு போடாமல் மாமியார் விடமாட்டார், மத்தியானம் ஆகிவிடும் என்று கணக்கு.

காலையில் ஆறும் வந்து இறங்கின. தண்ணீர் காட்டி, தழை போட்டு, கொம்புக்கு மற்ற ஆடுகளுக்குப் பூசிய அதே நீலப் பெயின்டைப் பூசினேன். பதினொரு மணிக்கு அண்ணன் கார் வந்தது. மனை வரைபடத்தின் ஜெராக்ஸ் தாள் கையில். முள்வேலியருகே நின்று விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். பதினாறு, பதினேழு என்று அவர் போய்க்கொண்டிருந்தபோது கண்டக்டரின் மொபெட் வந்து நின்றது. மாமியார் வீட்டில் யாரும் இல்லையாம். எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்களாம்.

"இருபது" என்றார் அண்ணன். "சரிடா. சொன்னத செஞ்சிட்ட." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

கண்டக்டர் ஆடுகளை ஒரு பார்வை பார்த்தார். நிற்க இடமில்லாத பேருந்தில் உதடு அசையாமல் தலை எண்ணி இருபத்தாறு வருடம் பழகிய பார்வை. பிறகு என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன். நிலம் தப்பித்துவிட்டது. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

சட்டைக்குள்ளிருந்து விசிலை எடுத்தார்.

"வேணாங்க" என்றார் செல்வி அம்மாள்.

ஒரு விசில். பதினாலு ஆடுகள் வாயில் தழையோடு அப்படியே நின்றன. ஆறு ஆடுகள் தம் பாட்டுக்கு நடந்தன. அதில் ஒன்று பொங்கல் படைத்திருந்த வாழையிலையைத் தின்ன ஆரம்பித்தது.

"இன்னாடா இது?" என்றார் அண்ணன்.

"பதினாலுதான்ணே நம்மளுது. இந்த ஆறும் டிக்கெட் எடுக்காம ஏறியிருக்குது."

"நான்தான் இருபதுன்னு எண்ணிட்டேன்ல? கம்முனு இருந்துட்டுப் போவ வேண்டியதுதான?"

"நீ எண்ணிட்டுப் போயிடுவ. நாளைக்கு காலையில எண்ணப் போறவன் நானு."

அண்ணன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெகு நேரம் கழித்து, "இதுங்க ஏன்டா இன்னும் நிக்குது?" என்று கேட்டார்.

"போன்னு சொல்லலியே."

"எவ்ளோ நேரம் நிக்கும்?"

"சொல்ற வரைக்கும்."

"என் கடையில எட்டு பேரு வேல பாக்கறானுங்க. வூட்ல ரெண்டு புள்ளைங்க. சொன்ன சொல்லுக்கு ஒருத்தனாவது" என்று ஆரம்பித்த அண்ணன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "இவன நம்பி இன்னும் நாலு ஆடு வுடலாம்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, செல்வி அம்மாளிடம் திரும்பி, "பொங்கல் இருந்தா வையிம்மா, பசிக்குது" என்றார். ஆடு தின்னாத இலையாகப் பார்த்துப் போட்டார்கள். சாப்பிட்டு எழுந்து, வீட்டுக்குக் கொண்டுபோக நாலு வடை கேட்டார். எதில் சுற்றுவது என்று தேடினார்கள். அண்ணன் சட்டைப்பையிலிருந்து மனை வரைபடத்தை எடுத்து நீட்டினார்.

மறுவாரம் அவருடைய கடையிலிருந்து ஒரு லோடு கம்பி வேலி வந்து இறங்கியது. யார் அனுப்பச் சொன்னது என்று கேட்டதற்கு டிரைவர், "முதலாளி எறக்கிட்டு வரச் சொன்னாரு, வேற ஒண்ணும் சொல்லல" என்றார். வேலி நிலத்தைச் சுற்றி நின்றது.

என்னோடு கண்டக்டர் ஒரு மாதம் பேசவில்லை. ஆடுகள் வழக்கம்போல் என் நிலத்தில் மேய்ந்தன. அவர் அவற்றோடு பேசினார், செல்வி அம்மாளை மடுகரை என்று கூப்பிட்டார், போகிற பேருந்தின் நேரத்தைச் சரிபார்த்தார். என்னைத் தாண்டிப் போனார். முன்பெல்லாம் அவர் பேச்சுக்குப் பயந்து டீக்கடையின் பின்வழியாகப் போன நாட்கள் உண்டு. அந்த மாதம் அவர் ஏதாவது பேசமாட்டாரா என்று தினமும் வேலியோரம் போய் நின்றேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

மாசியில் ஒரு காலை அவரே வந்தார்.

"ஒண்ணு கேக்கணும். அந்த ஆறு ஆட்டுக்கு அன்னிக்கு தீனி யாரு போட்டது?"

"நான்தான்ணே."

"தண்ணி காட்டுனியா?"

"காட்டுனேன்."

"வண்டியில படுக்க வெச்சியா, நிக்க வெச்சியா?"

"நிக்க வெச்சுத்தான். கீழ வைக்கோல் போட்டிருந்தேன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, புதிதாகப் பிறந்திருந்த இரண்டு குட்டிகளைக் காட்ட என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

போன மாதம் மனை போடுகிறவர் என் வீட்டைத் தேடி வந்தார். எதிர்ப்பக்கம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, என் அரைக் காணியை மட்டும் கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நல்ல விலைதான் சொன்னார். விற்கப்போவதில்லை என்றேன். "ஏங்க, எதிர்ல ஆட்டுப் பண்ணை, நாத்தம், சத்தம். வெச்சிக்கிட்டு இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

எதிர் நிலத்துக்காரர் எனக்கு வேண்டியவர், அவரை விட்டுவிட்டு எங்கும் போக மனமில்லை என்றேன். மனை போடுகிறவரின் தொழிலில் இப்படி ஒரு காரணத்தை யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது, விழித்தார். நானும் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.